கரகரப்பை எடுத்தவன்

சார், தப்பா நினைக்காதிய, அந்த ஜன்னல் கண்ணாடிய முழுசா இழுத்து விட்டுருவமா? காத்துக்காகச் சொல்லல. அது ஆடுத சத்தம். உங்களுக்குக் கேக்கலயா? எனக்குக் கேக்கு. நாலு ஸ்குரு இருக்க வேண்டிய எடத்துல மூணுதான் இருக்கு. அந்த ஓரத்துல கைய வச்சுப் பாருங்க. சொன்னேம்லா? என் காது அப்படி சார். இருபத்தாறு வருசமா ரெக்கார்டிங் வேலை. பாளையங்கோட்டைல எபி ஸ்டூடியோன்னு சொன்னா எந்த ஆட்டோக்காரரும் கொண்டாந்து விட்டுருவாரு. எபனேசர்ங்கிறது நான்தான்.

நீங்க மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் கல்லு மாதிரி இருக்கேன். தண்ணி பாட்டில் மூடியத் திறந்து திறந்து மூடுததப் பாக்கிய, என்ன? காலைல சாப்பிடல, அதனாலயா இருக்கும். இல்ல சார், என்னத்துக்குப் பொய் சொல்லணும். பயம். ஐம்பத்தி நாலு வயசு ஆளு, முன்னப்பின்ன தெரியாத உங்கள்ட்ட பயமா இருக்குன்னு சொல்லுதேன் பாருங்க. தெரிஞ்சவங்கள்ட்ட சொல்ல முடியாது. எனக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும் அவளையும் தெரியும்.

பியூலா. எங்க சர்ச் கொயர்ல, பாட்டுக் குழுவுல, ஆல்ட்டோ பாடுத பிள்ள. பிள்ளன்னா நாப்பத்தி ஒரு வயசு, ஸ்கூல்ல கணக்கு டீச்சர். வீட்டுக்காரரு ஆல்வின், கரண்ட் ஆபீஸ்ல இருக்காரு, தங்கமான மனுசன். ஆல்ட்டோன்னா என்னன்னு சொல்லுதேன். கொயர்ல நாலு குரல் உண்டு. மேல பாடுததுக்கு சோப்ரானோன்னு பேரு, பாட்டோட மெட்டு அவங்களுக்குத்தான். அதுக்குக் கீழ ஆல்ட்டோ. ஆம்பளைல மேல டெனர், அடியில பாஸ். ஆல்ட்டோக்காரி பாடுதது ஒருத்தருக்கும் தனியா கேக்காது. அவ நின்னு போனா மட்டும் ஏதோ குறையுதேன்னு தோணும். பியூலா பதினஞ்சு வயசுல இருந்து அந்த வரிசையில நின்னவ. ஒருநாள்கூட மெட்டு அவ கைக்கு வந்ததில்ல.

போன மே மாசம் லீவுல ஸ்டூடியோவுக்கு வந்தா. அண்ணே, ஒரு ஆல்பம் பண்ணணும்னா. பண்ணிருவோம், கீபோர்டு யாரு, ரிதம் யாருன்னு கேட்டேன். ஒண்ணும் கிடையாது, எல்லாம் வாயாலதாங்கா. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் எல்லாம் நானே பாடுதேன், டிரம்ஸ் சத்தம்கூட நானே வாயில போடுதேன்னா. கைதட்டலாவது வச்சுக்கிடுவமான்னு கேட்டேன். கையும் கூடாதுன்னுட்டா. ஏழு பாட்டு. சாமி பாட்டும் இல்ல, சினிமா பாட்டும் இல்ல. பஸ்ஸுக்குக் காத்து நிக்கதப் பத்தி ஒண்ணு, பரீட்சை பேப்பர் திருத்துததப் பத்தி ஒண்ணு, அவளே எழுதினது. பிள்ளைக்குக் கோட்டி பிடிச்சிருக்குன்னுதான் நெனச்சேன். பெறவு ஒரு பாட்டை ஒம்பது தடவ பாட வச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் போட்டுக் காமிச்சேன். ஒரே பொம்பளை, ஒரு கூட்டமே நிக்க மாதிரி இருக்கு. அழுதுட்டா. நானும் லேசா, அத விடுங்க.

ஒண்ணு சொல்லணும் உங்களுக்கு. இருபத்தாறு வருசமும் நான் ரெக்கார்ட் பண்ணினது என்ன? கல்யாண வாழ்த்து, சர்ச் கன்வென்ஷன் பாட்டு, கட்சிக்காரங்களுக்கு ஆட்டோவுல போடுதது. அதே ரிதம் பெட்டி, அதே புல்லாங்குழல் சத்தம். இதுதான் முதல் தடவ, இவன் வேலை தெரிஞ்சவன்டான்னு நாலு பேரு சொல்லுத மாதிரி ஒண்ணு கைக்கு வந்தது. அத ஞாபகம் வச்சுக்கிடுங்க. இல்ல, வேண்டாம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

பாஸ்தான் பெரிய பாடு. பொம்பளைக் குரல் அவ்வளவு கீழ போவாது. கம்ப்யூட்டர்ல இறக்கலாம், ஆனா அது ரோபோ மாதிரி இருக்கும், அவளும் ஒத்துக்கிடல. அப்ப நான் ஒரு வழி சொன்னேன். காலைல எந்திரிச்ச உடனே எல்லார் தொண்டையும் கட்டையா இருக்கும்லா? யார்ட்டயும் ஒரு வார்த்த பேசாம, காப்பி குடிக்காம, அஞ்சரைக்கு வந்துரு. அந்தக் குரல்ல பாஸ் பாடுவோம். அரை மணி நேரந்தான் அந்தக் குரல் நிக்கும், பெறவு தெளிஞ்சிரும். வந்தா சார், பாவம். வீட்டுக்காரருக்குக் கைய ஆட்டிட்டு ஸ்கூட்டி எடுத்துக்கிட்டு ஊமை மாதிரி வருவா. ஃபேனை நிப்பாட்டிருவேன், ஃபேன் சத்தம் உள்ள வந்துரும். வேர்த்து ஊத்த ஊத்த நிப்பா. ஜூன் முழுக்க அப்படி.

ஜூலைக் கடைசில ஒரு அதிசயம் நடந்துச்சு. அதிசயம்னுதான் சார் அன்னைக்குச் சொன்னோம். ஒருநாள் ஸ்கூல் விட்டு சாயங்காலம் வாரா, சும்மா பாடிப் பாக்கா, பாஸ் வருது! சாயங்காலத்துல! காலைல எட்டாத சுரம், அதுக்கும் கீழ ஒண்ணு, அதுவும் வருது. அண்ணே, எறங்குதுண்ணேங்கா. பழகப் பழக தொண்டை திறக்குதுளா, நான் சொல்லிக் குடுத்த முறை அப்படின்னேன். அல்வா வாங்கிட்டு வந்து ரெண்டு பேரும் தின்னோம். அல்வா தின்னோம் சார்.

இது கயத்தாறா? பஸ் மெதுவாத்தான் போவுது. போவட்டும்.

ஆகஸ்ட் பதினேழு. தேதி மனப்பாடம், ஏன்னா ஒவ்வொரு ஃபைல்லயும் தேதி விழும். மூணாவது பாட்டு. மேல ஒரு எடத்துல "ஆ"ன்னு நீளமா நிக்கணும். அதைப் பதினாறு தடவ பாட வச்சு அடுக்கினேன். அடுக்கிட்டு ஹெட்போனை மாட்டினா அந்த சுரத்துல ஒரு கரகரப்பு. மணல் மிதிச்ச மாதிரி. சளின்னு நெனச்சேன். சுடுதண்ணி குடின்னு சொல்லிட்டு ஒவ்வொரு டேக்கா, ஒரு தடவ பாடினது ஒரு டேக்கு, தனியாக் கேட்டேன். பதினாறுலயும் இருக்கு. எல்லாத்துலயும் அதே எடம்.

உங்களுக்கு இது விளங்குதா? சளின்னா எடம் மாறும் சார். இந்தத் தடவ இங்கன கரகரன்னு வரும், அடுத்த தடவ இருமிட்டுப் பாடினா வேற எடத்துல வரும். ஒரு தடவ வராமலே போவும். இது எடம் மாறல. ஒரு தடவ ரெண்டு தடவ பாடினா யாருக்கும் பிடிபடாது. பதினாறு தடவ ஒண்ணு மேல ஒண்ணு வச்சதாலதான் தெரிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சுது. அங்க என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுது.

சொல்லியிருக்கணும்னு பாக்கிய. முகத்துலயே தெரியுது. நீங்க எங்க வேலையப் பத்தித் தெரிஞ்சுக்கிடணும். பாட வந்தவங்க குரல்ல குறை சொன்னா, அடுத்த டேக் பாட முடியாது. குரல் அப்படியே சுருங்கிரும். குறையக் காதுல வாங்கணும், வாயில சொல்லக் கூடாது, பெறவு உக்காந்து எடுத்துரணும். அதுதான் நான் கத்துக்கிட்டது. அவ டேக் முடிச்சிட்டுக் கண்ணாடி வழியா என்னைப் பாத்து, அண்ணே நல்லா இருக்கான்னு கேப்பா. பிரமாதம்னு சொல்லுவேன். எல்லாப் பாடகருக்கும் அப்படித்தான் சொல்லுவேன். அவ முந்தியெல்லாம் ஒரு தடவ கேப்பா, ஆகஸ்ட்டுக்கு அப்புறம் ரெண்டு மூணு தடவ கேட்டா. நெசமாவே நல்லா இருக்காண்ணே, ஒண்ணும் கேக்கலியேங்கா. பாட்டுக்காரங்களுக்குப் பாராட்டு வேணும் சார், அதுல தப்பில்ல. சூப்பர்ளா, கண்ணாடி மாதிரி இருக்குன்னேன்.

எடுத்தேன். கரகரப்பை எடுக்க சாஃப்ட்வேர் இருக்கு, ஆனா அது மொத்தமா வழிச்சிரும், குரல் செத்துரும். நான் கையால எடுத்தேன். ஜூன் மாசம் பாடினதுல இருந்து நல்ல "ஆ"வை வெட்டி ஆகஸ்ட் மாசத்துல ஒட்டுவேன். ஒட்டு தெரியாது. எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. ஆகஸ்ட்ல ஒரு எடம். செப்டம்பர்ல நாலு எடம், அஞ்சு எடம். அக்டோபர்ல கடைசிப் பாட்டுல அவ அன்னைக்குப் பாடினது பாதிகூட இல்ல, மீதி எல்லாம் பழைய பியூலா. ராவு பகலா உக்காந்தேன். அவளுக்காகத்தான். இத்தனை ஆசைப்பட்ட பிள்ள, பாதியில நின்னுரக் கூடாதுல்லா? முடியட்டும், முடிஞ்ச உடனே மெதுவாச் சொல்லி டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவச் சொல்லுவோம்னு இருந்தேன். முடிஞ்சுது. அப்ப அவ அவ்வளவு சந்தோசமா இருந்தா. அன்னைக்கு எப்படிச் சொல்ல?

நவம்பர் ஒண்ணாந்தேதி நெட்ல விட்டோம். நாலாயிரம் பேரு கேட்டுட்டாங்க. என்ன எழுதுதாங்கன்னு பாருங்க, கீழ கமெண்ட் எழுதுதாங்கள்லா, அதுல. தூசி இல்லாத குரல்னு ஒருத்தன் எழுதியிருக்கான். பளிங்குக் குரல்னு ஒரு பொம்பளை. ரெக்கார்டிங் பண்ணினவர் கைக்கு மோதிரம் போடணும்னு எழுதியிருக்கு, நான் சொல்லல, எழுதியிருக்கு. பன்னெண்டாந்தேதி வகுப்புல வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருந்தவளுக்குக் குரல் நின்னு போச்சு. சுத்தமா. வெறும் காத்துதான் வருது.

ஐஸ் தண்ணி குடிப்பா சார் அவ. எத்தனை தடவ சொல்லியிருப்பேன். அதோட நாள் பூரா வகுப்புல கத்துத வேலை. நாப்பது பிள்ளைய சமாளிக்கணும். அதெல்லாம் ஒரு காரணமா இருக்காதா? இருக்கும்லா?

திருநெல்வேலி டாக்டரு பாத்துட்டு மதுரைக்கு அனுப்பினாரு. மதுரைல கேமராவ உள்ள விட்டுப் பாத்து, கட்டி இருக்குன்னு சொல்லி, கொஞ்சம் சதைய எடுத்து டெஸ்டுக்கு விட்டிருக்காவ. பத்து நாளாச்சு. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு ரிசல்ட். முந்தா நாளு, எத்தனை நாளா இருக்குன்னு டாக்டரு கேட்டதுக்கு இவ மூணு வாரம்னு எழுதிக் குடுத்திருக்கா. பேசக் கூடாதுன்னு உத்தரவு, அதனால எழுதித்தான் காமிக்கா. டாக்டரு நம்பல. மூணு வாரத்துல இவ்வளவு வளராதும்மா, குரல் முந்தியே மாறியிருக்கும், யாராவது கவனிச்சிருப்பாங்களேன்னு சொல்லியிருக்காரு. அப்ப ஆல்வின் பெருமையாச் சொல்லிட்டாரு சார், என் ஒய்ஃப் ஆல்பம் பண்ணியிருக்கா, மே மாசத்துல இருந்து பாடினது அத்தனையும் எபி அண்ணன்ட்ட இருக்குன்னு. டாக்டரு எந்திரிச்சே நின்னுட்டாராம். அதைக் கொண்டு வரச் சொல்லுங்க, தேதியோட வேணும், எப்ப ஆரம்பிச்சு எவ்வளவு வேகமா வளந்திருக்குன்னு தெரிஞ்சா எவ்வளவு வெட்டணும், பேச்சை மிச்சம் வைக்க முடியுமான்னு யோசிக்க ஒத்தாசையா இருக்கும்ன்னாராம். அன்னைக்கே ஆல்வின் எனக்கு போன் பண்ணி அண்ணே, உங்களாலதான் ஆகணும்னு சொல்லி அழுதாரு.

அதான் போறேன்.

கோவில்பட்டி வந்துட்டு. நீங்க டீ குடிக்கப் போறியளா? போங்க, நான் எடத்தப் பாத்துக்கிடுதேன். இல்ல, இருங்க. ஒரு நிமிசம் இருங்க. டீ அடுத்த ஊர்ல குடிச்சுக்கிடலாம்.

இந்தாங்க, இது ஒரு பென் டிரைவ். இது இன்னொண்ணு. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே கலரு. வலது பையில இருக்கதுல அவ பாடினது பாடினபடி இருக்கு, மே மாசத்துல இருந்து. பதினேழாந்தேதி டேக் பதினாறும் இருக்கு. எடது பையில இருக்கது நேத்து மத்தியானம் உக்காந்து பண்ணினது. அதுலயும் தேதி இருக்கு, ஆனா ஒட்டினதுக்குப் பெறவுள்ளது. அதைக் கேட்டா அக்டோபர் முப்பது வரைக்கும் பியூலாவுக்குக் குரல் பத்தரை மாத்துத் தங்கம். ஏன் பண்ணினேன்னு கேக்காதிய. ஏன் பண்ணினேன்னு எனக்குத் தெரியும்.

வலது பையக் குடுத்தா என்ன நடக்கும்? அந்த டாக்டரு ஹெட்போன்ல கேப்பாரு. ஆகஸ்ட்லயே இருக்கேம்பாரு. ஆல்வின் பக்கத்துல நிப்பாரு. அவரு கரண்ட் ஆபீஸ் ஆளு, கணக்கு டீச்சரைக் கட்டினவரு, மூணு மாசம் கழிக்கத் தெரியாதா அவருக்கு? அண்ணே, உங்களுக்குக் கேக்கலயான்னு கேப்பாரு. கேக்கலன்னு நான் சொல்ல முடியுமா? அடுத்த தெருவுல புல்லட் போனாலே டேக்க நிப்பாட்டுதவன். இல்ல, கேட்டுதுன்னு சொன்னா?

எடது பையக் குடுத்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா டாக்டரு அதை நம்பி முடிவு பண்ணிருவாருல்லா? புதுசா வந்ததுன்னு நெனச்சுக் கொஞ்சமா வெட்டிருவாரு. இல்ல ரொம்ப வேகமா வளருதுன்னு பயந்து முழுசா எடுத்துருவாரு. எது நடக்கும்னு எனக்கு என்ன தெரியும், நான் என்ன டாக்டரா? கம்ப்யூட்டர்ல வெட்டினா திரும்ப ஒட்டிரலாம் சார். அங்க ஒட்ட முடியாது.

நான் யோசனை கேக்கேன்னு நெனைக்காதிய. முடிவு பண்ணியாச்சு. வலது பைதான். வலது பையத்தான் குடுக்கப் போறேன். வீட்டுல இருந்து கிளம்பும்போதும் அப்படித்தான் நெனச்சேன், பெறவு புது பஸ் ஸ்டாண்டு வாரதுக்குள்ள எடது பைன்னு தோணிட்டு. இப்ப வலது. நீங்க மதுரைல எங்கன எறங்குதிய? மாட்டுத்தாவணியா? ஆஸ்பத்திரி அதுக்குப் பக்கந்தான். நீங்களே ஒரு எட்டு போயி, பாளையங்கோட்டை எபி அண்ணன் குடுத்தாருன்னு ஆல்வின் கையில இதைக் குடுத்துட்டு... சரி. சரி சார். கோவப்படாதிய. கேட்டது தப்புதான்.

சாத்தூர் போயிட்டா? கவனிக்கவே இல்ல.

என் போன்தான் அடிக்குது. ஆல்வினாத்தான் இருக்கும். எத்தனை மணிக்கு வருவியன்னு கேப்பாரு. இல்லியே, அவ நம்பர். அவ ஏன் போன் பண்ணுதா, அவதான் பேசக் கூடாதுல்லா. எடுக்கவா? எடுக்கேன்.

ஹலோ. யாரு, ஆல்வினா? பியூலாவா? ஏளா, நீ பேசக் கூடாது, போனை அவர்ட்ட குடு. அவர்ட்ட குடும்மா. ஆங்? விருதுநகர் கிட்ட வந்துட்டேன். கொண்டு வாரேன், எல்லாம் இருக்கு. ஆமா, தேதியோட. சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா? பேசாத, உம்முன்னு மட்டும் சொல்லு. பியூலா, இரு. வச்சிராத. நான் ஒண்ணு சொல்லணும். இல்ல, வந்து சொல்லுததுக்கு இல்ல, வந்தா சொல்ல மாட்டேன். எனக்குக் கேட்டுச்சும்மா. உன் தொண்டையில இருந்தது எனக்கு ஆகஸ்ட்லயே கேட்டுச்சு. மூணாவது பாட்டுல. நான் எடுத்துட்டேன். எல்லா எடத்துலயும் எடுத்துட்டேன். பாஸ் எறங்கினதும் அதனாலதான்னு செப்டம்பர்ல புரிஞ்சுது. உன்ட்ட சொல்லல. ஹலோ? பியூலா? லைன்ல இருக்கியா? ஏதாவது சொல்லு. என்னை ஏசவாவது செய்யி.

ம். ம். சரிம்மா. சரி. வாரேன். வச்சிரு.

வச்சுட்டா.

இருங்க சார், சொல்லுதேன். குரலே இல்ல சார். காத்துதான், காத்துக்குள்ள எழுத்து எழுத்தா வருது. என் காதுக்கே கஷ்டமா இருந்துச்சு. ஏசல. ஏசினா நல்லா இருந்திருக்கும். எனக்கு ஆறுதல் சொல்லுத மாதிரி பேசுதா சார். அவ சொல்லுதா, எனக்கும் கேட்டுச்சுண்ணே, அதே பாட்டுலதான், வீட்டுல போயி பாடிப் பாத்தேன், அங்கயும் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரவுக அன்னைக்கே டாக்டர்ட்ட போவோம்னாவ. நான்தான் வேண்டாம்ன்னேன், எபி அண்ணன் காதுக்கு எறும்பு நடந்தாக் கேக்கும், அவருக்கே ஒண்ணும் கேக்கல, அப்ப எனக்குத்தான் பிரமைன்னு சொல்லிட்டேன். ஒவ்வொரு தடவையும் உங்கள்ட்ட கேட்டுட்டுத்தான வீட்டுக்குப் போவேன், அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குவேண்ணேங்கா.

நீங்க ஏதாவது பேசுங்க சார். உங்க வீட்டப் பத்தி, வேலையப் பத்தி, எதைப் பத்தியாவது. திருமங்கலம் வார வரைக்கும் கொஞ்சம் பேசிக்கிட்டே வாங்க.